வலது கால் பெருவிரல்

என் வீட்டுக்காரருக்கு,

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக உங்கள் போர்வையை விலக்கி, கால் பெருவிரலை மடக்கச் சொன்னேன். கழுத்திலிருந்து எண்ணினால் பத்தொன்பதாவது முள்ளெலும்பு நொறுங்கிய நாளிலிருந்து தினமும் செய்யும் சோதனை. மல்லாந்து கிடக்கும் உங்களுக்குக் கால் தெரியாது, அதில் உணர்ச்சியும் கிடையாது. என் கண்ணைத்தான் நம்பியிருக்கிறீர்கள்.

"அசையுதா?"

"இல்லைங்க."

பிறகு, முதுகில் புண் வராமலிருக்க உங்களை ஒருக்களித்துப் படுக்க வைத்தேன்.

"பொணத்தப் புரட்டுற மாதிரி புரட்டுறியேடி."

"பொணம் பேசாதுங்க."

"நான் மட்டும் எந்திரிச்சேன், மொத உதை உனக்குத்தான்."

அது முதல் உதையாக இருக்காது என்பது நம் இருவருக்கும் தெரியும். மாடிப்படியில் கால் இடறி விழுந்தீர்கள் என்றுதான் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன். என்னைத் தள்ள நீண்ட உங்கள் கையைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

விரல் லேசாக அசைந்தாலும் தண்டுவடத்தில் உயிர் இருக்கிறது என்று அர்த்தம், அன்றைக்கே கூட்டி வாருங்கள், நாள் கடந்தால் பயனில்லை என்றார் டாக்டர்.

இன்று உங்கள் வலது பெருவிரல் இரண்டு முறை மடங்கியது.

டாக்டருக்கு நான் போன் செய்யப் போவதில்லை. நாளைக் காலையும் போர்வையை விலக்குவேன், மடக்கச் சொல்வேன், இல்லைங்க என்பேன்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி