ஜோடி உடைத்தவன்

பிப்ரவரி 4, செவ்வாய்

காலையில் ஆல்வினா பென்னர் வந்தார். மனிடோபா மாகாணத்து எம்.பி., எதிர்க்கட்சி. நான் ஆளுங்கட்சி. ஒன்பது வருடமாக எங்களுக்குள் ஜோடி. அவரால் ஓட்டெடுப்புக்கு வர முடியாவிட்டால் நானும் போடமாட்டேன். எனக்கு முடியாவிட்டால் அவர் போடமாட்டார். எழுத்தில் ஒன்றும் கிடையாது, கைகுலுக்கல்தான்.

"வியாழக்கிழமை ஜேக்குக்கு இதய ஆபரேஷன். வின்னிபெக் போறேன். ஜோடி உண்டா?"

"இதென்ன கேள்வி? போய் வீட்டுக்காரரப் பாருங்க."

எங்கள் ஊர் லூனன்பர்க்கின் கொழுப்பு நிறைந்த பன்றி சாசேஜ் ஒரு பொட்டலம் கொடுத்தேன். "ஆபரேஷனுக்கு முன்னாடியே ஆளக் கொன்னுடுவீங்க போலிருக்கே" என்று சிரித்தார்.

பிப்ரவரி 6, வியாழன்

இன்று நம்பிக்கையில்லாத் தீர்மானம். மதியம் எங்கள் கொறடா ரெஜிஸ் லாந்த்ரி வந்து கதவைச் சாத்தினார்.

"நம்ம ஆளு ஃபெர்லானோட விமானம் பனில மாட்டிக்கிச்சு. அவங்க நூத்தியிருபத்தெட்டு, நாம நூத்தியிருபத்தேழு. நீ எந்திரிச்சு ஓட்டுப் போட்டா சமம். சமம்னா சபாநாயகர் ஓட்டு, அது எப்பவும் அரசாங்கத்தக் கவுக்காது."

"நான் ஜோடில இருக்கேன், ரெஜிஸ்."

"தோத்தா பிரதமர் இன்னைக்கே ராணியோட பிரதிநிதி கவர்னர் ஜெனரல் வீட்டு வாசல்ல நிப்பாரு. அடுத்தது தேர்தல். அப்புறம் உன் ஊர் மீன்பிடித் துறைமுகத்துக்கு எவன் காசு தருவான்? யோசி."

யோசித்தேன். எழுந்து நின்றேன். சபைக் குமாஸ்தா ஓட்டுக் கணக்கில் என் பெயரைப் படித்தார். எதிர்வரிசையில் ஒருவர்கூடக் கூச்சல் போடவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

பிப்ரவரி 7

தீர்மானத்துக்கு ஆதரவு 128, எதிர்ப்பு 129. ஃபெர்லான் கடைசி நிமிடத்தில் ஓடிவந்து பின்வரிசையில் உட்கார்ந்துவிட்டார். நான் திரும்பிப் பார்க்கவே இல்லை. நான் எழாமல் இருந்தாலும் சமம்தான், சபாநாயகர் காப்பாற்றியிருப்பார். ரெஜிஸுக்குத் தெரியுமா? கேட்டேன். "அந்த அவசரத்துல யாரப் பாக்குறது, விடுப்பா" என்கிறார்.

ஒன்றுக்குமே இல்லாமல் செய்திருக்கிறேன்.

பிப்ரவரி 10

எதிர்க்கட்சி இதைச் சபையில் எழுப்பியது. ஜோடி என்பது உறுப்பினர்களுக்குள் செய்துகொள்ளும் ஏற்பாடு, சபை விதியில் அது இல்லை என்று சபாநாயகர் சொல்லிவிட்டார். ஆக நான் எந்த விதியையும் மீறவில்லையாம். மீறியிருந்தால் தண்டனையாவது இருந்திருக்கும்!

பிப்ரவரி 17

ஆல்வினா திரும்பிவிட்டார். ஜேக் பிழைத்துக்கொண்டார். என் மேஜைமேல் சாசேஜ் பொட்டலம், கட்டுப் பிரிக்காமல். சீட்டு எதுவும் இல்லை.

நடைவழியில் எதிரே வந்தார். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "குளிர் ஜாஸ்தியா இருக்கு" என்று சொல்லித் தொலைத்தேன். நானா சொன்னேன்? நான்தான்.

ஏப்ரல் 2

துறைமுகத்துக்குப் பணம் ஒதுக்கிவிட்டார்கள். ஊரிலிருந்து பாராட்டித் தந்தி. துறைமுகம் ஒட்டாவாவில் இருக்கும் மத்திய அரசின் பொறுப்பு, அதற்குப் போகிற ரோடு மாகாணத்தின் பொறுப்பு. ரோடு போடமாட்டோம் என்று மாகாணத் தலைநகர் ஹாலிஃபாக்ஸ் எழுதியிருக்கிறது.

மே 9, வெள்ளி

நேற்று அம்மா போய்விட்டாள். செவ்வாய்க்கிழமை அடக்கம். அன்றைக்கே மறுபடியும் நம்பிக்கையில்லாத் தீர்மானம்.

ரெஜிஸ் ஜோடி தேடி எதிர்த்தரப்புக் கொறடாவிடம் போனார். தலையைத் தொங்கப்போட்டுத் திரும்பி வந்தார். "உன் பேரச் சொன்னாலே சிரிக்கிறாங்கப்பா." நானும் சிரித்திருப்பேன்.

மாலையில் கதவிடுக்கில் ஒரு சீட்டு. "செவ்வாய் - ஜோடி. ஆல்வினா." நான் கேட்கக்கூட இல்லை.

மே 13, செவ்வாய்

அடக்கம் முடிந்து தேவாலயக் கூடத்தில் சாண்ட்விச் வைத்தார்கள். நான் மட்டும் வெளியே காரில் ரேடியோவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பெற்றவளைப் புதைத்த அன்றைக்கு.

ஆல்வினா ஓட்டுப் போட்டால் 129 - 128, நாங்கள் கவிழ்ந்தோம். போடுவார் என்றே இருந்தேன். பழி தீர்க்கத்தான் சீட்டுக் கொடுத்தார் என்று நினைத்தேன். ஏன் அப்படி நினைத்தேன்? அவர் இடத்தில் நான் இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன்.

128 - 128. சபாநாயகர் தீர்மானத்துக்கு எதிராகப் போட்டார். அரசாங்கம் பிழைத்தது.

மே 14

ரெஜிஸ் போனில் சொன்னார். ஆல்வினா கோட்டைக்கூடக் கழற்றாமல் மேலே பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருந்தாராம். அவர்கள் கொறடா இரண்டு தடவை படியேறி வந்து ஓட்டுப் போடச் சொல்லிக் கெஞ்சினாராம். ஆள் அசையவே இல்லை.

ஆல்வினாவைக் கூப்பிட்டேன்.

"ஏன் எனக்குப் போய்…"

"உங்கம்மாவ நல்லபடியா அடக்கம் பண்ணீங்களா?"

"ம்."

"அதுக்குத்தான். வைக்கிறேன் வென்டெல், ஜேக்குக்கு மருந்து குடுக்கற நேரம்."

அடக்கத்தின்போது நான் எண்ணிக்கொண்டிருந்தது ஓட்டுகளை என்று அவரிடம் சொல்லவில்லை.

மே 20

அடுத்த தேர்தலில் நிற்கப்போவதில்லை என்று ரெஜிஸிடம் சொல்லிவிட்டேன். காரணம் கேட்டார். உடம்பு சரியில்லை என்றேன். அதுவும் பொய்.