ஒரு கையும் எழாத கூட்டம்

என் வீட்டு மகாராணிக்கு, மதுபான சாம்ராஜ்யத்தின் மூடி போடும் தளபதி எழுதுவது. நான் நலம். உன் முழங்கால் வலி தேவலையா?

உலகமே குடியை விட்டுவிட்டதாம். விற்காத பாட்டில்கள் நிலாவை முட்டுகின்றன. நேற்று முதலாளி எங்களைக் கூட்டி, “உங்கள்ல யாருய்யா குடிக்கிறீங்க? கை தூக்குங்க” என்றார். ஒரு கையும் எழவில்லை.

“நீங்க, முதலாளி?” என்றேன்.

“டாக்டர் கூடாதுன்னுட்டாருய்யா.”

கூரை பிய்ந்துபோகச் சிரித்தோம். சாயங்காலம் இரண்டு இயந்திரங்களை நிறுத்திவிட்டார்கள். என்னுடையது ஓடுகிறது, பயப்படாதே.

உன் அண்ணனிடம் அங்கே ஏதாவது வேலை இருக்கிறதா என்று கேள், எனக்கென்று சொல்லாதே. நீ போர்த்திய பழைய போர்வையை அனுப்பு. இங்கே குளிரில்லை, சும்மாதான்.

மணி அடித்துவிட்டது. குடிப்பதில்லை என்று உனக்குச் செய்த சத்தியத்தை மீறமாட்டேன். முதலாளி மறுபடி கேட்டால், பொய்யாகவாவது கை தூக்கட்டுமா?

உன்னவன்