அக்காவின் இலைக்கு ஒரு எரிமலை வைன்

என் அக்காவுக்கு,

போன வாரம் புத்தூரில், அம்மா வீட்டில், உனக்கு முதல் வருஷப் படையல் போட்டோம். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. உனக்கும் இருந்ததில்லை. ஆனாலும் இலையில் என்ன வைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுத்தான் போனாய்.

பாறைகளைப் பற்றிப் பாடம் நடத்திய நீ, சிசிலியில் ஒரு கருத்தரங்குக்குப் போய், எட்னா எரிமலைச் சரிவில் விளைந்த திராட்சையின் சிவப்பு வைன் இரண்டு பாட்டில் கொண்டுவந்தாய். ஸ்ரீரங்கத்தில் உன் பிளாட்டில் ஒன்றைத் திறந்தோம். நிறம் வெளிறியிருக்கிறதே, தண்ணீர் கலந்துவிட்டார்களா என்று கேட்டேன். அந்தத் திராட்சையே அப்படித்தான் என்றாய். எரிமலைக் கல்லின் ருசி தெரியும் என்று அட்டையில் போட்டிருந்ததைப் படித்துச் சிரித்தேன்.

"கல்லு ருசிக்காதுடி. அந்த மண்ணுல தண்ணி நிக்காது, வேர் ஆழமா தேடிப் போகும். மலை மேல ராத்திரிக் குளிர் வேற. அதான் இந்தப் புளிப்பு."

அன்று முழுக்க நம் சமையலை வைத்துச் சோதனை செய்தாய். காந்தி மார்க்கெட் கத்தரிக்காயை அடுப்பில் தோல் கருகச் சுட்டு, உப்பும் நல்லெண்ணெயும் விட்டுப் பிசைந்தது முதலிடம். காளான் மிளகு வறுவலும் வைனோடு பொருந்தியது. மட்டன் சுக்காவில் மிளகாயைக் குறைக்கச் சொன்னாய். காரம் ஏறினால் வைன் வெறும் எரிச்சலாகிவிடுகிறது. மீன் குழம்பு தோற்றுப்போனது. இந்த ஊர் வெயிலுக்கு, ஃப்ரிட்ஜில் அரை மணி நேரம் வைக்காமல் ஊற்றவே கூடாது என்றாய்.

நடுவில் அம்மா போன் செய்தாள். திராட்சை ஜூஸ் குடிக்கிறோம் என்றேன். நீ கோப்பைகளைக் கழுவி அலமாரியில் துணிகளுக்குப் பின்னால் வைத்தாய். ஐம்பதைத் தாண்டிய பேராசிரியை.

ஆஸ்பத்திரியில்தான் சொன்னாய். "இன்னொரு பாட்டில் இருக்குல்ல? அதை எனக்கு இலையில வை. ஜூஸுன்னு சொல்லாதே."

தலையாட்டினேன். தலையாட்டுவது சுலபம். வருஷா வருஷம் தாத்தாவுக்குப் பிராந்தியும் சுருட்டும் வைக்கிற வீடு நம்முடையது; அதை யாரும் ஒளிப்பதில்லை. பெண்கள் இலைக்குப் பக்கத்தில் வருவது புடவையும் பூவும்தான்.

கத்தரிக்காய், காளான், சுக்கா எல்லாம் இலைக்குப் போயின. பாட்டிலை வெளியே எடுத்தபோது அம்மா பார்த்துவிட்டாள். இது எதற்கு என்று கேட்டாள். கூடத்தில் சொந்தக்காரர்கள். ஜூஸ் என்றிருந்தால் அதோடு முடிந்திருக்கும்.

"வைன்மா. அக்கா குடிப்பா. நானும் கூடக் குடிச்சேன்."

அம்மா குரலைத் தாழ்த்தினாள். "பொம்பளப் புள்ளைக்குப் போய் இதை வைக்கணுமா?"

"தாத்தாவுக்கு வைக்கிறோமே."

கூடத்திலிருந்து சித்தப்பா எழுந்து வந்தார். "குடும்மா, ஊத்துறது எப்பவும் என் வேலைதானே." மூடியைத் திறந்து, உன் வெள்ளி டம்ளரில் பாதி ஊற்றினார். பிறகு, தாத்தாவுக்குச் செய்து பழகிய கை, சோடாவை உடைத்து மீதியை நிரப்பிவிட்டது. நுரை பொங்கியது.

அம்மா டம்ளரை எடுத்தாள். முடிந்தது என்று நினைத்தேன்.

"அவளுக்கு சோடா ஆகாது தம்பி. சின்னதுலேருந்தே ஏப்பம் வந்துக்கிட்டே இருக்கும்."

டம்ளரைக் கொட்டிக் கழுவி, தானே ஊற்றி இலையோரம் வைத்தாள். பாட்டிலை அவள் பிடித்தது குழந்தைக்கு மருந்து ஊற்றுவதுபோல் இருந்தது.

வழக்கப்படி கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே நின்றோம். வைன் சூடாகிவிடுமே என்று நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா பக்கத்தில் வந்தாள்.

"அதை எதோட சாப்பிடுவா?"

"சுட்ட கத்தரிக்காயோட."

"நிறைய வச்சியா?"

நிறைய வைத்தேன் அக்கா. அந்தப் பத்து நிமிஷத்தில் உள்ளே என்ன நடந்தது? நம்பிக்கையில்லாத நானே கேட்கிறேன்.

மறுநாள் போனபோது மிச்ச பாட்டில் அம்மாவின் ஃப்ரிட்ஜில், தயிர்ப் பாத்திரத்துக்குப் பக்கத்தில், மறைக்கப் பேப்பர் எதுவும் சுற்றாமல் நின்றது.

அடுத்த வருஷத்துக்கு அந்த வைன் எங்கே கிடைக்கும் என்று தெரியவில்லை. கிடைக்காவிட்டால் கத்தரிக்காயும் ஒரு காலி டம்ளரும் வைப்பேன். டம்ளர் எதற்கு என்று யார் கேட்டாலும் சொல்லுவேன்.

இனி உன்னை ஒளித்துவைக்காத,
உன் தங்கை