ஆவணி சுவாதியில் பிறந்த ஆகாய விமானம்

2 ஆகஸ்டு 1959

நோட்டே, கேட்டுக்கொள். இனி எழுதப்போவதை மலைக்கோட்டை உச்சியில் நின்று சத்தியம் செய்தாலும் திண்டுக்கல்லில் ஒருவரும் நம்பமாட்டார்கள். தோல் வியாபாரி சௌகத் அலி ராவுத்தர் வைத்திருக்கும் ரெண்டு பேர் உட்காரும் விமானத்துக்கு, உடையப்பனாகிய நானே பிரதம மந்திரி. ஓட்டுவது என் அக்காள் மகன் சுருளிவேல். பெட்ரோல் ஊற்றுவது, ரெட்டியார்சத்திரம் பொட்டலில் மாடு விரட்டுவது, வருஷம் ஒருமுறை மெட்ராஸ் இன்ஜினீயரை அழைத்துப் பரிசோதனைக்கு நாள் குறிப்பது, எல்லாம் என் ராஜ்யம்.

இந்த மாதத்துக்குள் சுருளி இன்னும் பத்து மணி நேரம் பறந்தால் கல்கத்தாக் கம்பெனியில் பைலட் வேலை. தவறினால் ராவுத்தர் மண்டியில் தோல் அடுக்கவேண்டியதுதான்.

5 ஆகஸ்டு

ஆடிக்காற்று. எங்கள் வீட்டுச் சேவல் பழனிவரை பறந்துவிட்டது. விமானத்தை மட்டும் கயிறு போட்டுக் கட்டியிருக்கிறோம்.

21 ஆகஸ்டு

காற்று அடங்கிற்று. கயிற்றை அவிழ்க்கும்போது சுருளி கேட்டான்:

"மாமா, இன்ஜினீயர் என்னைக்கு வாராரு?"

"செப்டம்பர் ஏழு."

"ஒரு வருஷச் சர்டிபிகேட் நேத்தோட முடிஞ்சிருச்சே!"

"எப்படிலே முடியும்? போன வருஷம் ஆவணி சுவாதியிலதான பரிசோதனை நடந்துச்சு? இந்த ஆவணியில சுவாதி ஏழாம் தேதிதான வருது?"

கயிற்றைக் கீழே போட்டான். "ஏரோப்ளேனுக்குமா மாமா பஞ்சாங்கம் பாத்தீக?"

பார்த்தேன். வீட்டில் பிறந்தநாளுக்கும் திதிக்கும் பார்ப்பதுபோலத்தான் பார்த்தேன். சர்க்காருக்கு நட்சத்திரம் தெரியாதாம், இங்கிலீஷ் தேதிதான் கணக்காம். பரிசோதனை முடியாமல் சக்கரம் தரையை விட்டு எழும்பக்கூடாது.

22 ஆகஸ்டு

அவன் சாப்பிடவில்லை. ஒரு வார்த்தை வைதிருந்தாலாவது... என்னத்தச் செஞ்சு தொலைச்சேன்? இன்ஜினீயருக்குக் கடிதம் போட்டால் போய்ச் சேரவே நாளாகும். தந்தியாபீசுக்கு ஓடினேன்: "விமானம் நிலைமை மோசம். உடனே வரவும்."

23 ஆகஸ்டு

இன்ஜினீயர் கிறிஸ்துராஜ் ரயிலை விட்டுக் குதித்தே இறங்கினார்.

"எங்கய்யா விழுந்துச்சு? ஆளுக்கு ஒண்ணுமில்லையே?"

"ஆளு நல்லாருக்காருங்க. சர்டிபிகேட்டுதான் செத்துப்போச்சு."

அவர் வைததில் பாதி எனக்குப் புரியாத இங்கிலீஷ். அடுத்த ரயில் எப்போது என்று விசாரிக்கப் போனார். சுருளி பின்னாலேயே போய் மாத முடிவுக்குள் பறந்தாகவேண்டியதைச் சொன்னான். திரும்பி வந்து எங்கள் மாட்டுவண்டியில் ஏறி உட்கார்ந்தவர், "பொட்டலுக்கு விடுய்யா" என்றார்.

25 ஆகஸ்டு

இன்ஜினைப் பிரித்துத் தார்ப்பாயில் பரப்பியிருக்கிறார். எனக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. "இன்னும் எம்புட்டு நேரமுங்க?" என்றேன். "நீ கேக்காத நேரத்துலதான் வேலை நடக்குது" என்றார்.

28 ஆகஸ்டு

சர்டிபிகேட்டில் கையெழுத்துப் போட்டார்! இன்னும் மூன்று நாள்தான் இருக்கிறது. மழை வருமோ?

31 ஆகஸ்டு

காலையிலிருந்து சுருளி தரையில் நிற்கவே இல்லை.

12 அக்டோபர்

சுருளியைக் கல்கத்தாவுக்கு ரயிலேற்றிவிட்டுத் திரும்பினேன். டீக்கடையில் வழக்கம்போல அளந்தேன்: விமானம் மேகத்தைக் கிழித்ததால்தான் ஆத்தூரில் மழை, இன்ஜினீயர் என் காலில் விழுந்து விடைபெற்றார், இன்னும் என்னென்னவோ. அத்தனையும் புளுகு.

சொல்லாமல் விட்ட ஒரு சின்ன விஷயம் மட்டும் நிஜம். கடைசி நாள் பொழுது சாயும்போது சுருளி இறங்கி வந்து, "போதும் மாமா, பத்து மணி நேரமும் முடிஞ்சிருச்சு" என்றான். பதிலுக்கு ஒரு புளுகு தேடினேன். கைக்குக் கிடைத்தது கயிறுதான்; எடுத்து விமானத்தைக் கட்டினேன்.