மூக்கு நீட்டிய ஈஸ்ட்

17 ஜூலை, வியாழன்

ஈஸ்ட் கடைசியில மூக்கை நீட்டிடுச்சு! மூணு வாரமா ஆடாம அசையாம என் உயிரை வாங்கின சனியனுங்க.

ஈஸ்ட்டுலயும் ரெண்டு ரகம் இருக்கு. ஒரு ரகத்தோட சிக்னல் மருந்தை இன்னொரு ரகத்துல ஊத்தினா, அது ஜோடி வந்திருக்குன்னு நினைச்சு மூக்கு மாதிரி நீளணும். என்னோடது உருண்டையாவே கிடந்துச்சு. மருந்துதான் கெட்டுப்போச்சுன்னு நானே முடிவு பண்ணிட்டேன்.

இன்னிக்குக் காலைல லேப்ல சுசீலா அக்கா என் பழைய குடுவையைத் தூக்கிப் பார்த்தாங்க.

"என்னம்மா, தேங்காய்ப்பால் மாதிரி கெட்டியா கிடக்கு? மருந்தை எப்ப ஊத்துவ?"

"சாப்பிட்டு வந்துதான் அக்கா. நாசி கண்டார் சோத்துக் கடையில கியூ நீளம்லா."

"அதான்! ஈஸ்ட் பெருகிக் கூட்டம் கூடிட்டா அதுங்களே அந்த மருந்தை வெட்டித் தள்ளிடும். கொஞ்சமா இருக்கப்பவே ஊத்துலா."

புதுக் குடுவைல ஈஸ்ட்டை வளர்த்து, சாப்பிடாம காத்திருந்து, தண்ணியா இருக்கப்பவே ஊத்தினேன். ரெண்டு மணி நேரத்துல மைக்ராஸ்கோப்ல எல்லாம் பேரிக்காய் மாதிரி! நான் போட்ட சத்தத்துல எதையோ உடைச்சிட்டேன்னு அக்கா ஓடி வந்தாங்க.

ஆனா, திங்கட்கிழமையே மருந்து வித்த கம்பெனிக்கு "உங்க சரக்கு கெட்டது"ன்னு காரமா இமெயில் போட்டுட்டேனே. சாயந்திரம் பதில் வந்துச்சு. கம்பெனில மருந்து விக்கிற அண்ணன் மன்னிப்புக் கேட்டு, புது பாட்டிலை நாளைக்கு பட்டர்வொர்த் டவுன்லேர்ந்து அவரே கொண்டு வராராம். முகத்தை எங்க வச்சிக்கிறது?

அவருக்கு நாசி கண்டார் வாங்கிக் கொடுத்துட்டு உண்மையைச் சொல்லிடலாம். மருந்தை ஊத்திட்டுத்தான் கியூவுக்குப் போகணும்.