தெமியானின் தோள்

அன்பு மகள் லீதாவுக்கு,

பேர்ம் நகரிலிருந்து அம்மா எழுதுவது. எனக்கும் அப்பாவுக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுதான் சரியில்லை. உன் இருமல் விட்டதா? விளாதிவஸ்தோக் கடல்காற்றில் கழுத்தைத் திறந்துபோட்டுக்கொண்டு திரியாதே.

சனிக்கிழமை நடந்தது உன் காதுக்கும் வந்திருக்கும், என் வாயாலும் கேள். ஒன்பது வருஷமாக என்னிடம் பனித்தளத்தில் ஜோடிச் சறுக்கு பழகும் உல்யானாவுக்கும் தெமியானுக்கும் அன்று தேசியப் போட்டிக்கான தேர்வு. ஆட்டத்துக்கு முன் உடம்பைச் சூடாக்க ஆறு நிமிஷம் கொடுப்பார்களே, அப்போது தெமியான் ஜாக்கெட் ஜிப்பை இடதுகையால் இழுப்பதைப் பார்த்தேன். அவன் வலதுகைக்காரன். கூப்பிட்டு, கையைத் தலைக்கு மேல் தூக்கு என்றேன். தூக்கினான், முகம் வெளுத்துவிட்டது. "ஒண்ணுமில்ல ஸினயீதா பாவ்லொவ்னா, கோணலா படுத்துட்டேன்" என்றான். உல்யானா என் கண்ணைப் பார்க்கவில்லை. உனக்குத் தெரியுமாடி என்றேன். "ரெண்டு வாரமாத் தெரியும். இன்னிக்கு ஒரு நாள் விட்டுடுங்க, அவன் என்னைக் கீழ போடமாட்டான்" என்று கெஞ்சினாள். அந்தக் கையில்தான் அவளை உயரத் தூக்கிக்கொண்டு அவன் சுற்ற வேண்டும். இரண்டு நிமிஷம்தான் மிச்சம். நேரே நடுவர் மேஜைக்குப் போய் பட்டியலிலிருந்து அவர்கள் பெயரை அடித்துவிடச் சொன்னேன். உல்யானாவின் அப்பா அத்தனை பேர் முன்னாலும் "நீங்க வாங்காத பதக்கத்தை என் பொண்ணும் வாங்கக்கூடாதா?" என்று கத்தினார். ஆனாலும் நான் முடிவை மாற்றவில்லை.

லீதா, முழங்கால் அடிபட்டதால்தான் என் ஆட்டம் நின்றது என்று உன்னிடம் சொல்லி வளர்த்தேன், அது பொய். அப்போது என்னோடு ஜோடியாகச் சறுக்கிய உன் அப்பாவின் கையிலிருந்து விழுந்தேன், தலை பனியில் மோதியது, மூன்று மாதம் அவர் பெயர்கூட எனக்கு நினைவில்லை. அவர் மணிக்கட்டு வீங்கியிருந்ததை மறைத்தார், எல்லாம் தன் தப்பு என்றே இருபத்தாறு வருஷம் சுமந்தார். ஆனால் அந்த வீக்கம் எனக்கு அன்று காலையிலேயே தெரியும். போட்டி கைவிட்டுப் போய்விடும் என்று வாயை மூடிக்கொண்டேன். இதை இந்தச் சனிக்கிழமைதான் அவரிடம் சொன்னேன். உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தவர் கத்தியைக் கீழே வைத்து "தெரிஞ்சேவா என் கையில ஏறின?" என்றார். மேல்கோட்டுகூட இல்லாமல் பால்கனிக்குப் போய் நின்றார். நான் கொண்டுபோய்ப் போர்த்தினேன், தட்டிவிடவில்லை. ஆனால் இன்னும் சரியாகப் பேசவில்லை.

தெமியானுக்குத் தோளில் தசைநார் பாதிக்கு மேல் கிழிந்திருக்கிறதாம், அறுவைச் சிகிச்சை செய்து எட்டு மாதம் ஓய்வு. இன்று காலை உல்யானா தனியாக வந்து "உங்க மேல கோபம் போகல, ஆனா சறுக்கணும்" என்றாள். கோபத்தோடேயே சறுக்கு என்றேன்.

நீ நோய்நொடி இல்லாமல், நினைத்ததெல்லாம் கைகூடி நன்றாக இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்குப் போன் செய். நீயாக எதுவும் கேட்காதே. அவராகச் சொன்னால் குறுக்கே பேசாமல் கடைசிவரை கேள், நான் விழுந்த அந்த நாளைப் பற்றி இதுவரை யாரிடமும் அவர் சொன்னதில்லை.

முத்தங்களுடன்,
உன் அம்மா ஸினயீதா