அமாவாசையில் போட்ட பன்னிரண்டு சைபர்

டிச. 16, செவ்வாய்

பனி. பைக் சீட் நனைந்து கிடந்தது. முள்ளிப்பட்டில், சேலையில் பூப்போடும் கம்ப்யூட்டர் ஜக்கார்டு பயிற்சி முடித்த 12 பேரின் தறிகளை நாளை மேலாளரோடு போய்ப் பார்க்க வேண்டும். நெசவு கூடியதா, அளக்க வேண்டும். முன்கூட்டிச் சொல்லக் கூடாது என்பது விதி. கூடியிருந்தால் இரண்டாம் அணி உண்டு. அதற்கு, பன்னிருவரில் ஒருவரான தேவகியக்காதான் பயிற்சியாளர், மாதச் சம்பளத்தில்.

மதியம் சென்னையிலிருந்து மேலாளர்: "புதன் வேணாம்பா. வெள்ளி வரேன்."

"சரி சார்."

டிச. 19, வெள்ளி

அமாவாசை. இங்கே யாரும் தறியில் உட்கார மாட்டார்கள். பன்னிரண்டு வீடு. ஒரு தறிச் சத்தம் இல்லை.

தேவகி, கையெல்லாம் வடை மாவு. "இன்னிக்கா வந்தீங்க? நாளைக்கு வாங்க சார், நெய்ஞ்சிகினு இருப்பேன். நீங்களே அளந்துக்குங்க."

மேலாளர்: "நாளைக்கு வேற ஊரும்மா." என் பக்கம் திரும்பி: "பார்த்ததை எழுதுப்பா. இன்றைய நெசவு, சைபர்."

எழுதினேன். பன்னிரண்டு முறை.

பிரியாணிக் கடையில் மேலாளர், எலும்பைக் கடித்தபடி: "ட்ரெய்னிங் வேஸ்ட். இந்த ஊர்ல இது ஒண்ணுதான் ஒழுங்கு."

டிச. 20, சனி

கோபம் யார் மேல்?
1. அந்த ஆள்.
2. படிவம். 'காரணம்' என்று ஒரு கட்டம் இல்லை.
3. படிவத்தைத் தயாரித்தவன். நான். புள்ளியியல் எம்.எஸ்ஸி.
4. பக்கத்து ஆரணியில் பிறந்தவன். அதுவும் நான். அவர் தேதி மாற்றியபோது காலண்டர் என் கண்ணெதிரே தொங்கியது. வெள்ளிக்குக் கறுப்பு வட்டம். பார்த்துக்கொண்டேதான் "சரி சார்."

டிச. 22, திங்கள்

மேலாளர்: "படிவத்துல அவங்க கையெழுத்து வேணும். ஜல்தி."

முள்ளிப்பட்டு. தேவகி தறியில். இறங்காமலே வாங்கிப் படித்தார்.

"நீ ஆரணிதான தம்பி?"

"ஆமாங்க்கா."

"அன்னிக்கு அமாவாசன்னு தெரியாது ஒனக்கு?"

"தெரியும்."

"தெரிஞ்சிகினேவா சைபர் போட்ட?"

பேனாவைப் பிடுங்கினார். சைபர் மேல் ஒரே கோடு. பக்கத்தில் 'அமாவாசை, தறி லீவு'. கீழே கையெழுத்து.

"வேற பேப்பர்ல மாத்தி எழுதினா இந்தப் பக்கமே வராத."

அடித்தல் உள்ள படிவம் செல்லாது, மறுபடி அளக்க வேண்டும். நான் எழுதிய விதிகளில் உருப்படியானது அது ஒன்றுதான். அவர் அடித்த பிறகுதான் நினைவு வந்தது.

பதினொன்று பாக்கி. அடுத்த வீட்டில் பேனாவை நீட்டினேன். "சைபரை அடிச்சிட்டுக் கையெழுத்து போடுங்க."